30 லட்சம் சம்பளத்துக்கு 15.9%, 10 கோடி பங்கு லாபத்துக்கு 14.9%: கணக்கு சரிதானா?

இளவெயில்:

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் போட்ட கணக்கு இது. ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 30 லட்சம். வரி 4,75,800 ரூபாய், அதாவது 15.9 சதவீதம். இன்னொருவர் பல வருஷமாக வைத்திருந்த பட்டியலிட்ட பங்குகளை விற்று 10 கோடி லாபம் பார்க்கிறார், வேறு வருமானம் கிடையாது. அவருக்கு வரி 1 கோடியே 48 லட்சத்துச் சொச்சம், 14.9 சதவீதம்.

இந்தக் கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால், 'இருப்பவன் அதிகம் கட்ட வேண்டும்' என்று பாடத்தில் படித்த கொள்கை எங்கே போனது? 2022-23இல் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்ததாக உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் 2024இல் மதிப்பிட்டது. அந்த 40 சதவீதத்தின் மேல் எந்த வரிதான் விழுகிறது?

கூடவே இன்னொன்று. அமெரிக்காவில் பெரும் பணக்காரர்கள் பங்கை விற்காமல் அடகு வைத்தே வாழ்ந்துவிட்டுப் பிள்ளைகளுக்கு விட்டுப் போகிறார்கள், வரியே விழுவதில்லை என்கிறார்கள். இங்கும் அது செல்லுமா?

தணிக்கை:

கணக்கு சரி. படிப்பவர்கள் சரிபார்க்கப் படிகளைப் போட்டுவிடுகிறேன்.

சம்பளம்: 30 லட்சத்தில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு) 75,000 போக 29.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 24 லட்சம் வரை ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம், கூட்டினால் 3,00,000. மீதி 5.25 லட்சத்துக்கு 30 சதவீதம், 1,57,500. ஆக 4,57,500. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் தீர்வை) 18,300.

பங்கு: 10 கோடியில் அடிப்படை விலக்கு 4 லட்சத்தையும் (வேறு வருமானம் இல்லாத, இந்தியாவில் வசிப்பவர் என்பதால்) 112ஏ பிரிவு (பட்டியலிட்ட பங்கின் நீண்டகால ஆதாயம்) தரும் 1.25 லட்சத்தையும் கழித்தால் 9,94,75,000. அதற்கு 12.5 சதவீதம், மேலே 15 சதவீத சர்சார்ஜ் (அதிக வருமானக்காரரின் வரி மேல் விழும் கூடுதல் வரி), அதற்கும் மேலே செஸ். 1,48,71,513 வரும்.

கவனிக்க வேண்டிய இடம் சர்சார்ஜ். அதே 10 கோடி சம்பளமாக வந்திருந்தால் சர்சார்ஜ் 25 சதவீதம். மொத்த வரி 3.84 கோடி, அதாவது 38.4 சதவீதம். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, எத்தனை கோடி ஆனாலும், சர்சார்ஜ் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இதில் இன்னும் வேடிக்கை, கீழ்மட்டத்தில் இது தலைகீழ். நிலைக்கழிவு போக 12 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். அதே 12 லட்சம், 8 லட்சம் சம்பளமும் 4 லட்சம் நீண்டகாலப் பங்கு லாபமுமாக வந்தால்? தள்ளுபடி சம்பளப் பகுதிக்கு மட்டும்தான். பங்கு லாபத்தில் 2.75 லட்சத்துக்கு 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 35,750 ரூபாய் கட்ட வேண்டும். மென்பொருளில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு விழிப்பவர்கள் ஏராளம். ஆக, 'மூலதனத்துக்குச் சலுகை' என்பது மேலே போகப் போகத்தான் சலுகை. சிறு முதலீட்டாளருக்கு அது சம்பளத்தைவிடக் கனம்.

(நான் சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்துடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையாகும் 2025 சட்டத்தில் எண்கள் வேறு.)

சந்தைமேடு:

ஒரு பக்கத்தை மட்டும் காட்டுறீங்க நண்பர்களே. அந்தப் பங்கு லாபம் கையில வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி தன் லாபத்துல 25.17 சதவீதம் கட்டிருச்சு (22, அதுக்கு மேல 10 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ்). 100 ரூபாய் லாபத்துல மிச்சம் 74.83. அதைக் கம்பெனியிலேயே வெச்சு, பங்கு விலையும் அந்த அளவுக்கு ஏறி, வித்தா 14.95 சதவீதம், அதாவது 11.19 ரூபாய். மொத்தம் 36.36. உச்ச சம்பளக்காரர் கட்டுற 39க்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்ல.

டிவிடெண்டா (லாபத்துல பங்குதாரருக்குப் பிரிச்சுத் தர்ற தொகை) எடுத்தா இன்னும் மோசம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் டிவிடெண்டுக்கு வாங்குறவரோட அடுக்குலதான் வரி. உச்ச அடுக்குல 35.88. 74.83ல அது 26.85. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, 52 ரூபாய் போச்சு. இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?

கார்மேகம்:

சந்தைமேடு சொல்லும் 36.36 ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கிறது: விலை ஏறியது முழுக்க, வரி கட்டி மிச்சம் வைத்த லாபத்தால் ஏறியிருக்க வேண்டும். ஒரு பங்கு ஈட்டும் லாபம் 10 ரூபாயிலேயே நிற்க, சந்தை அதற்குக் கொடுக்கும் மடங்கு 20இலிருந்து 40 ஆனால் விலை 200இலிருந்து 400 ஆகிறது. கூடுதலான அந்த 200 ரூபாய் மேல் கம்பெனி ஒரு பைசா வரி கட்டியதில்லை. நிலத்துக்கும் இதே கதைதான்; பக்கத்தில் மெட்ரோ வருகிறது என்றதும் ஏறும் விலைக்கு யார் முன்கூட்டி வரி கட்டினார்கள்?

அவர் காட்டிய 52 சதவீதமே இன்னொன்றைச் சொல்கிறது. அவ்வளவு வரி விழும் வழியில் யாரும் பணத்தை எடுக்க மாட்டார்கள். பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனர் டிவிடெண்டைக் குறைத்து, லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே சுழல விட்டு, கைச்செலவுக்குப் பங்கை அடகு வைத்துக் கடன் வாங்குவார். கடன் வருமானம் ஆகாது. ஆனால் ஒரு இடத்தில் மாட்டுவார்கள்: சொந்தத் தனியார் கம்பெனியிலிருந்தே கடன் வாங்கினால், 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாக்குரிமை உள்ளவருக்கு, அந்தக் கடனையே டிவிடெண்டாகக் கருதி வரி போட 2(22)(இ) பிரிவு இருக்கிறது. அதனால்தான் வெளி வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ அடகு வைக்கிறார்கள்.

இளவெயில் கேட்ட அமெரிக்க உத்தி இங்கே பாதிதான் செல்லும். அங்கே உரிமையாளர் இறந்த நாளின் சந்தை விலையே வாரிசுக்கு அடக்க விலை (லாபம் பார்க்க, விற்ற விலையிலிருந்து கழிக்கும் விலை) ஆகிவிடும். வாழ்நாள் ஏற்றம் முழுவதும் வருமான வரியிலிருந்து நழுவிவிடும். நம் 49(1) பிரிவு அப்படி விடுவதில்லை. அப்பா வாங்கிய விலைதான் மகளுக்கும் அடக்க விலை, அப்பா வைத்திருந்த காலமும் மகள் கணக்கில் சேரும். விற்கிற அன்றைக்கு முழு ஏற்றத்துக்கும் வரி. விற்காத வரை வரி இல்லை, அவ்வளவுதான்.

இதற்குள்ளும் இரண்டு சன்னல் திறந்திருக்கிறது. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடம் என்றால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் (பத்திரப் பதிவுக்கு அரசு குறித்த விலை) தாண்டக் கூடாது. 1988இல் 40,000க்கு வாங்கிய மனை 2001இல் 6 லட்சம் என்றால், இடைப்பட்ட 5.6 லட்சத்துக்கு என்றைக்கும் வரி இல்லை. பட்டியலிட்ட பங்குகளுக்கு இதே மாதிரி 2018 ஜனவரி 31ஆம் தேதி விலை. 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை பங்கின் நீண்டகால ஆதாயத்துக்கு வரியே இருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய பெரும் பங்குச் சொத்துகளில் கணிசமானவை அந்தப் பதின்மூன்றரை வருஷத்தில் வளர்ந்தவை.

ஆவணப்பெட்டி:

அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் செலவை யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டுக் கணக்கு இது.

30 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள வீட்டைக் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2,10,000 + 60,000. இது வாழ்நாளில் முதல் வீட்டைக் கடன் போட்டு வாங்குபவர் கட்டுவது.

5 கோடி மதிப்புள்ள வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் தீர்வை 1 சதவீதம், ஆனால் உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மொத்தம் 50,000 ரூபாயோடு வேலை முடிந்தது. 2023 ஜூலைக்கு முன் இது இன்னும் குறைவு, 25,000 + 4,000. உயில் எழுதினால் முத்திரைத் தீர்வையே கிடையாது. வாங்கும் மகனுக்கும் வருமான வரி இல்லை. நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்பும் உயில் வழிச் சொத்தும் 56(2) பிரிவில் விலக்கு.

உச்சவரம்பு வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தீர்வை அதிகமானால் பாகம் பிரிக்காமல், பட்டா மாற்றாமல், பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்; பிறகு மூன்று தலைமுறைக்கு வழக்கு. ஆனால் 20 லட்சம் ஓட்டு வீட்டுக்கும் 20 கோடி வணிக வளாகத்துக்கும் அதே வரம்பு என்பதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

இளவெயில்:

நன்றி. அப்படியானால் செல்வ வரியையும் எஸ்டேட் டியூட்டியையும் (இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மேல் போட்ட வரி) ஏன் எடுத்தார்கள்? 'வசூல் ஆகவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் வசூல் ஆகவில்லை என்று யாராவது சொல்லுங்கள்.

கார்மேகம்:

ஒழுங்காக ஆரம்பித்து அரைகுறையாக விட்ட கதை அது.

1956இல் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் இந்தியாவுக்காக ஓர் அறிக்கை தந்தார். செல்வ வரி, மூலதன ஆதாய வரி, அன்பளிப்பு வரி, செலவு வரி எல்லாவற்றையும் வருமான வரியோடு ஒரே படிவத்தில் கோர்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஒருவர் விற்றது இன்னொருவர் வாங்கியதாகத் தெரிந்துவிடும், ஒன்றை மறைத்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். அதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கச் சொன்னார். அன்றைய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார், மறு ஆண்டு அன்பளிப்பு வரி வந்தது. ஆனால் விகிதத்தை இறக்கவில்லை. ஏறிக்கொண்டே போய் 1973-74இல் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவீதத்தில் நின்றது. அந்த விகிதத்தில் நேர்மையாகக் கணக்குக் காட்டச் சொன்னால் யார் காட்டுவார்கள்?

எஸ்டேட் டியூட்டி 1953 சட்டம். உச்ச விகிதம் 20 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம். காகிதத்தில் பயங்கரம், கையில் வந்ததோ ஆண்டுக்குச் சுமார் 20 கோடி. இறப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால் டியூட்டி இல்லை என்பது ஒரு வழி. சொத்தை இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பேரில் வைப்பது இன்னொரு வழி. ஒரே வீட்டுக்குச் செல்வ வரி அதிகாரி ஒரு மதிப்பும் எஸ்டேட் டியூட்டி அதிகாரி வேறு மதிப்பும் போட்டு, இரண்டின் பேரிலும் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும். நிதியமைச்சராக இருந்த வி. பி. சிங் 1985 மார்ச்சில் எஸ்டேட் டியூட்டியை எடுத்தார்.

செல்வ வரியை உண்மையில் கொன்றது 2015 அல்ல, 1992. வரிச் சீர்திருத்தத்துக்கான ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பங்கு, கடன்பத்திரம், வங்கி வைப்பு போன்ற 'உற்பத்திச் சொத்து' எல்லாவற்றுக்கும் அப்போது விலக்கு கொடுத்தார்கள். மிஞ்சியவை நகை, கார், உல்லாசப் படகு, கூடுதல் வீடு, நகர்ப்புறக் காலி மனை, 50,000க்கு மேல் கைரொக்கம். பெரும் பணக்காரர் சொத்தில் பெரும்பகுதி கம்பெனிப் பங்கு. அது வலைக்கு வெளியே. நகைப்பெட்டி வைத்திருக்கும் மேல் நடுத்தரவர்க்கம் வலைக்கு உள்ளே. 2013-14இல் 1,008 கோடி வசூல் என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

2015இல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதை நீக்கிவிட்டு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் போட்டார். 9,000 கோடி வரும் என்றார். வசூல் கண்ணோட்டத்தில் கெட்டிக்காரத்தனம். ஆனால் சொத்து இருந்தும் வருமானமாகக் காட்டாதவர் அன்றோடு முழுசாகத் தப்பித்தார், உயர் சம்பளக்காரர் அவர் பங்கையும் சுமந்தார். அந்த சர்சார்ஜ் பிறகு 37 சதவீதம் வரை ஏறி, 2023இல் புதிய முறையில் 25க்கு இறங்கியது. செல்வ வரி திரும்பவில்லை.

சந்தைமேடு:

திரும்பக் கொண்டுவந்தா நடக்குமாங்கறதுதான் கேள்வி. 1990ல 12 ஓஇசிடி (வளர்ந்த நாடுகள் கூட்டமைப்பு) நாடுகள்ல செல்வ வரி இருந்துச்சு, 2017ல நாலு. ஸ்வீடனே 2007ல எடுத்துருச்சு. பட்டியலிடாத ஸ்டார்ட்அப் வெச்சிருக்கற பையன் காகிதத்துல 100 கோடி, பேங்க்ல 4 லட்சம். 2 சதவீதம் போட்டாலே வருஷா வருஷம் 2 கோடி, எங்க இருந்து கட்டுவான்?

கார்மேகம்:

அது நியாயமான கேள்வி. ரொக்கம் இல்லாதவரிடம் ரொக்கம் கேட்க முடியாது. அதனால்தான் ஆண்டுதோறும் போடும் செல்வ வரியைவிட, கைமாறும்போது ஒரே முறை போடும் வாரிசு வரி நடைமுறைக்கு எளிது என்பது என் கணிப்பு. தவணையில் கட்ட வசதி செய்யலாம், பங்காகவே கொடுக்க விடலாம்.

ஆனால் இரண்டுக்கும் முதல் தடை மதிப்பீடு. ஜெர்மனியைப் பாருங்கள். 1995இல் அவர்களுடைய அரசியல் சட்ட நீதிமன்றம் செல்வ வரியைத் தடுத்தது, 1997 முதல் வசூலிப்பதில்லை. நீதிமன்றம் வரியே தப்பு என்று சொல்லவில்லை. நிலத்துக்கு 1964ஆம் வருஷ மதிப்பு, பங்குக்கு இன்றைய சந்தை மதிப்பு என்று ஒரே சட்டத்துக்குள் இரண்டு அளவுகோல் வைத்ததுதான் சமத்துவத்துக்கு எதிரானது என்றது. இங்கே வழிகாட்டி மதிப்புக்கும் உண்மையில் கைமாறும் தொகைக்கும் உள்ள இடைவெளி ஊருக்கு ஊர் வேறு. அந்த அடித்தளத்தில் செல்வ வரி போட்டால் பங்கு வைத்திருப்பவர் முழுசாகக் கட்டுவார், நிலம் வைத்திருப்பவர் பாதி கட்டுவார். எல்லாரும் நிலத்துக்கு ஓடுவார்கள்.

நெய்தல்:

எல்லாரும் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2024-25இல் மொத்த ஜிஎஸ்டி வசூல் 22.08 லட்சம் கோடி. அதே ஆண்டு நிகர கார்ப்பரேட் வரி சுமார் 9.87 லட்சம் கோடி. மாசம் 15,000 சம்பாதிப்பவர் சம்பாதித்ததை எல்லாம் செலவு செய்கிறார், அந்தச் செலவின் மேல் வரி விழுகிறது. மாசம் 15 லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் சேமிக்கிறார், சேமிப்பின் மேல் ஜிஎஸ்டி இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் 18இலிருந்து 5க்கு இறங்கியது உண்மையான நிவாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு லட்ச ரூபாய் ஃபிரிட்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஒரு லட்ச ரூபாய் தங்கக்கட்டிக்கு 3 சதவீதம், ஒரு லட்ச ரூபாய்ப் பங்கு வாங்கினால் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 100 ரூபாய். எது சொத்தாகச் சேருமோ அதற்குக் குறைவு, எது தேய்ந்து போகுமோ அதற்கு அதிகம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கலால் வரி, பழைய டிவிஎஸ் 50க்கும் சொகுசுக் காருக்கும் ஒன்றே.

இளவெயில்:

தணிக்கை, கடைசியாக ஒன்று. 10 கோடி பங்கு லாபத்துக்கு அந்த 14.9 சதவீதமாவது நிச்சயம் வந்து சேருமா?

தணிக்கை:

வராமலும் போகலாம். 54எஃப் பிரிவு இருக்கிறது. பங்கை விற்ற பணத்தில் இந்தியாவில் ஒரு வீடு வாங்கினால் ஆதாயத்துக்கு விலக்கு. விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ இரண்டு வருஷம் பின்போ வாங்கலாம், கட்டுவதானால் மூன்று வருஷம். விற்கும் நாளில் வேறு ஒரு வீட்டுக்கு மேல் சொந்தமாக இருக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் வீட்டு மதிப்பில் 10 கோடி வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு முன் வரம்பே இல்லை. அடக்க விலை ஏறக்குறைய பூஜ்யமாக உள்ள நிறுவனர் 10 கோடிக்குப் பங்கை விற்று 10 கோடி வீடு வாங்கினால் மொத்த வரி ஏறக்குறைய பூஜ்யம். சம்பளத்தில் வீடு வாங்குபவருக்கு இதற்கு இணையான எதுவும் கிடையாது. புதிய முறையில், தான் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிகூடக் கழியாது.

வழக்கமாகக் கோட்டை விடும் இடங்கள்: லாபத்தை மட்டும் வீட்டில் போட்டால் போதும் என்று நினைப்பது. 54எஃப்பில் விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும், குறைத்தால் விலக்கும் அதே விகிதத்தில் குறையும். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு வாங்க முடியாவிட்டால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட்டுவிட வேண்டும், சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் செல்லாது. புது வீட்டை மூன்று வருஷத்துக்குள் விற்றால் விட்ட வரி திரும்ப வரும்.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்தச் சுற்று வழிகூட வேண்டாம். 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர் தாண்டி இருந்தால் அது மூலதனச் சொத்தே இல்லை. எத்தனை கோடிக்கு விற்றாலும் ஆதாய வரி கிடையாது. தூரத்தை ரோட்டு வழியாக அளக்கக் கூடாது, நேர்கோட்டில் அளக்க வேண்டும். வழக்குகள் பல அந்த அளவையில்தான் வருகின்றன.